விரிக்காத குடை

பிராகில் காலையிலிருந்தே மழை. லிபுஷே தன் மஞ்சள் குடையை விரிக்காமல், மடக்கியபடியே தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, தொப்பலாக நனைந்து நடந்தாள்.

"ஏம்மா, கையில குடை இருந்தும் நனையறியே, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார் பாலத்தருகே பொம்மை விற்கும் ஓட்டா. "இன்னைக்குத் தனியாவா வந்தே?"

"தனியாத்தான். விரிச்சா கோபுரம் எங்கே தெரியும்? முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் இந்த ஊரை எனக்காகப் பார்க்கிறேன்."

"ராடெக் என்ன சொன்னான்?"

"எனக்கு வயசாயிடுச்சாம். சின்னப் பொண்ணு ஒருத்தியைப் பிடிச்சுட்டான். நான் வீட்டுல உட்கார்ந்து அழுவேன்னு நினைச்சான் பாரு!"

விறுவிறுவென்று பாலத்தில் ஏறினாள். எவரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு மூலைச் சிலையின் முன்னால் நின்று, ஆசை தீரப் பார்த்தாள்.

கைப்பேசி அடித்தது. ராடெக்.

"லிபுஷே, மானம் போகுது! உன் இடத்துக்கு வந்த அந்தப் பொண்ணு, மடக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டிய மஞ்சள் கம்பெனிக் குடையை மழைன்னதும் விரிச்சுட்டா. அத்தனை குடைக்கு நடுவுல கைடு யாருன்னே தெரியாம இருபத்தேழு டூரிஸ்டும் தொலைஞ்சுட்டாங்க!"

லிபுஷே திரும்பினாள். பின்னால் இருபத்தேழு பேர். அவள் உயர்த்திப் பிடித்திருந்த மஞ்சள் குடையைப் பார்த்தபடி, சிலையைப் பற்றி அவள் வாய் திறக்கக் காத்திருந்தார்கள்.

"தேடாதே. இங்கேதான் நிக்கறாங்க."

"அப்பாடா! அப்படியே கூட்டிட்டு வந்துடு."

"நான் எதுக்குக் கூட்டிட்டு வரணும்? நான் ஊர் பார்க்க வந்தவ" என்றாள் லிபுஷே. "வேணும்னா நீயும் வந்து கடைசியில நில்லு."