தொடுநரம்பின் புதுக் கிளைகள்

கடலடிப் பாறை இடுக்கில் வாழ்ந்த, நத்தை இனத்துக் கடல்முயல் ஒன்றின் உடம்புக்குள் இரண்டு நரம்புகள் அக்கம்பக்கத்தில் இருந்தன. தோலில் எது பட்டாலும் தொடுநரம்பு சொல்லும். அதைக் கேட்டு, ஆபத்து என்றால் செவுளை உள்ளே இழுப்பது செவுள்நரம்பின் வேலை. பாசி உரசினால் தொடுநரம்பு முணுமுணுப்பதோடு சரி, செவுள் அசையாது.

ஒரு கோடையில் சிங்கி இறால் ஒன்று அடிக்கடி வந்து வாலைக் கடித்தது. பயந்துபோன தொடுநரம்பு, சேதி சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று செவுள்நரம்பை நோக்கிப் புதுப்புதுக் கிளைகளை நீட்டியது. அதனால் கடல்முயல் பிழைத்தது. இறாலும் வேறெங்கோ போய்விட்டது.

பிறகு இன்னொரு கடல்முயல் துணை தேடி வந்து மென்மையாக உரசியது. தொடுநரம்பு மெல்லத்தான் சொன்னது. ஆனால் அத்தனை கிளைகளும் சேர்ந்து அதைக் கூச்சலாக்கிவிட்டன. செவுள் சுருங்கியது, எதிரியை விரட்டக் கக்கும் ஊதா மை பீறிட்டது. வந்த கடல்முயல் திரும்பிப் போய்விட்டது.

"இறால் என்றல்லவா நினைத்தேன்" என்றது செவுள்நரம்பு.

"இல்லை அக்கா. அவ்வளவு பதமாக யாரும் நம்மைத் தொட்டதில்லை. எனக்குத்தான் மெதுவாகச் சொல்ல வரவில்லை."

கடிக்க யாரும் வராததால் நாளடைவில் கிளைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. தொடுநரம்பின் குரல் தணிந்தது.

"இனிமேல் வந்தால் சரியாகச் சொல்லிவிடுவேன் அக்கா."

அந்தப் பருவத்து மற்ற கடல்முயல்களெல்லாம் அதற்குள் முட்டையிட்டு மடிந்திருந்தன.