ரிட்டர்ன் லோடு

மூன்றாவது முறையாகவும் என் வீட்டுக்காரர் போரில் தோற்றுக்கொண்டிருந்தார்.

"மாமா, குதிரைப்படையை அனுப்புங்க! கோட்டை கையைவிட்டுப் போவுது பாருங்க!"

கேட்டால்தானே. ரெண்டு மாசமாகக் கட்டிலைவிட்டு இறங்காத மகாராஜா, சண்டையைக் கண்டுகொள்ளாமல் அரிசி வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டுப் பக்கத்து ஜன்னலில் கட்டியிருந்த தார்ப்பாய் வழியாக அவர் முகத்தில் நீலமாக வெளிச்சம் விழுந்தது.

மணி மூன்று. இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருந்தது.

ராஜா காலத்துப் போரை வைத்த கம்ப்யூட்டர் விளையாட்டு அது. அதைச் செய்வது பெங்களூர் கம்பெனி, நான் நல்லம்பள்ளியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் அந்த விளையாட்டில் படை எவ்வளவு தூரம் போனாலும் பசிக்காது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஆயிரம் பேர் நடந்தால் ஆயிரம் வயிறும் கூடவே நடக்குமே! நாலு மாசம் மல்லுக்கட்டி, படைக்குப் பின்னால் அரிசி வண்டிகளை ஓடவிட்டேன். வண்டி நின்றால் படை பட்டினி.

விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் கொட்டாவி விட்டார்கள்.

"சண்டை போட வந்தவங்களை மளிகைக்கடை நடத்தச் சொல்றியே பாரதி" என்றார் எங்கள் டீம் லீடர் அனிஷா மேடம். இன்று ஐந்து மணிக்குள் நான் சரிசெய்து அனுப்பாவிட்டால் வண்டிகளை மொத்தமாகத் தூக்கிவிடுவார்.

அதனால்தான் லேப்டாப்பை என் வீட்டுக்காரர் மாரப்பன் கையில் கொடுத்தேன். பாலக்கோட்டிலிருந்து சென்னைக்குப் பத்து வருஷம் தக்காளி லாரி ஓட்டியவருக்குச் சரக்கு வண்டி பற்றித் தெரியாததா?

"ஏன் பாரதி, அரிசிய எறக்கிட்டு வண்டி ஏன் காலியா திரும்புது?"

"எறக்கியாச்சு, திரும்புது. வேற என்ன பண்ணும்?"

"ரிட்டர்ன் லோடு இல்லாம எவன் வண்டி ஓட்டுவான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போர்க்களத்துல என்ன லோடு மாமா கெடைக்கும்? தக்காளியா?"

அவர் சிரிக்கவில்லை. திரையில் விரலை வைத்தார். கோட்டை வாசலில் அவருடைய வீரர்கள் அடிபட்டு விழுந்து கிடந்தார்கள். மூன்று விநாடி கிடப்பார்கள், பிறகு மறைந்துவிடுவார்கள். இடத்தை அடைக்கிறார்கள் என்று நான்தான் அப்படி எழுதிவைத்திருந்தேன்.

"இவங்கள ஏத்திக்கிட்டு வரலாமில்ல. வூட்டுக்கு."

லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டேன்.

விழுந்தவன் மறையக் கூடாது. அரிசி இறக்கிய வண்டி அவனைத் தேடிப்போய் நிற்க வேண்டும். அவன் ஊர் எல்லையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். தண்ணிகூடக் குடிக்காமல் எழுதி, ஐந்தாக ரெண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினேன்.

ஆறரைக்கு மேடம் கூப்பிட்டார்.

"நான் தோத்துட்டேன் பாரதி. ஆனா முப்பத்தாறு பேரை வீடு சேர்த்துட்டேன். வண்டி இருக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "மாமா, ஜெயிச்சிட்டீங்க! வண்டிக்காரனுக்கு உங்க பேரையே வெச்சிடறேன்."

"என் பேரு எதுக்கு? ஏத்திக்கிட்டு வந்தவரு பேர வெய்யி."

அந்தப் பேர்தான் எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியாதே.

காரிமங்கலம் தாண்டி இவர் லாரி கவிழ்ந்த அன்று, கால் நசுங்கிக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு எத்தனையோ வண்டிகள் போயின. காலி தக்காளி கிரேட்டுகளோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரி மட்டும் நின்றது. அந்த டிரைவர் இவரைக் கிரேட்டுகளுக்கு நடுவில் படுக்கவைத்து, தூறலுக்குத் தார்ப்பாயைப் போர்த்தி, தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஸ்ட்ரெச்சரில் இவர் கிடந்தார், மேலே அந்தத் தார்ப்பாய். கையெடுத்துக் கும்பிடக்கூட ஆள் இல்லை.

தார்ப்பாயை ரோட்டுப் பக்கத்து ஜன்னலில் கட்டச் சொன்னது மாரப்பன்தான். இந்த வழியாகப் போகும்போது அந்த டிரைவர் கண்ணில் பட்டாலும் படும் என்றார்.

பேர் எழுதும் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். அரிசி வண்டிகள் அத்தனைக்கும் மேலே நீலத் தார்ப்பாய் போட்டேன்.

ராஜா காலத்தில் ஏது நீலத் தார்ப்பாய் என்று நாளைக்கு மேடம் கேட்பார்.

கேட்கட்டும்.