அழியாத கட்டம்

மாதம்மாள் குளித்துவிட்டிருந்தாள்.

வாழவந்தியில் முதல் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஈரத்தலையும் மஞ்சள் முகமுமாக அடுப்படியில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குள் வந்திருக்கிறாள். தீட்டு நிற்காதவளுக்கு ஊருக்கு வெளியே இருந்த குடிசைதான் இடம். கருப்பை வாயில் புற்று என்று டாக்டர் சொன்னதை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரான நான் ஊரில் யாரிடம் சொல்லியும் பயனில்லை.

மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் அந்த வருடம்தான் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் புது மிஷின் வந்தது. பன்னிரண்டு நாள் கரண்ட் வைத்ததிலேயே ரத்தம் நின்றுவிட்டது. இன்னும் பதின்மூன்று நாள் பாக்கி.

டாக்டர் அவள் அடிவயிற்றில் ஊதா மையால் ஒரு கட்டம் போட்டிருந்தார். கரண்ட் அதற்குள்தான் விழ வேண்டும், தண்ணீர் படக் கூடாது என்று என்னிடம் பத்து முறை சொல்லியிருந்தார்.

“கோடு எங்கே?”

“காளியாயி அக்காதானுங்க மஞ்சத் தண்ணி ஊத்துச்சு. ரத்தம் நின்னவ தலைக்கு ஊத்தாம எப்புடிங்க ஊட்டுக்குள்ள வாரது?” என்றாள். “நான் என்ன உங்க எஸ்டேட்டு மூட்டையா, குறியோடவே திரிய?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோடு போடுகிற டாக்டர் பதினைந்து நாள் லீவில் போயிருந்தார்.

அவளைக் கூட்டிக்கொண்டு, எஸ்டேட் ஆபீசுக்குப் போய்விட்டு, அங்கிருந்து பஸ் ஏறினேன்.

மிஷின் ஓட்டுகிற கோவிந்தராஜ் அவள் வயிற்றின் மேல் மிஷின் விளக்கைப் போட்டுப் பார்த்தார். வெளிச்சத்தின் ஓரம் கோட்டின் மேல் அச்சாக விழுந்தது.

“இத்தனை சுத்தமா யாருங்க கோட்டைக் காப்பாத்துறாங்க?” என்று என்னைப் பாராட்டினார்.

பதின்மூன்று நாளும் அதே கட்டத்துக்குள் கரண்ட் வைத்தார்கள்.

மறு வருடம் காப்பி பழுக்கும்போது வலி திரும்பி வந்தது. தை பிறப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

காளியாயி ஊற்றிய தண்ணீர்தான் அவளைக் கொன்றது என்று ஊரெல்லாம் சொன்னேன். காளியாயி சாகும்வரை நான் அவளோடு பேசவில்லை. அவளும் ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசியதில்லை.

அந்தக் காலையில் எஸ்டேட் மருந்துப் பெட்டியிலிருந்து புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தை எடுத்து, பேரேட்டுக்குக் கோடு போடும் அடிஸ்கேலை அவள் வயிற்றில் வைத்து, ஞாபகத்தில் இருந்தபடி அந்தக் கட்டத்தைப் போட்டது நான்.