பதினாலாம் தேதிக் கையெழுத்து

“செத்துப்போன உங்க பொண்ணு கையெழுத்து இன்னிக்குக் காலைலயும் விழுந்திருக்கு சார்.”

கம்ப்யூட்டர் வேலைக்காக வந்திருந்த ரஃபி, மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் அந்த ஃபவுண்டரியின் அலுவலக அறையில் ஏ.சி. ஓடியும் அவன் நெற்றி வேர்த்திருந்தது.

முதலாளி ஜனார்தனன் திரையைப் பார்த்தார். மூன்று பெயர்கள்: அவர், மனைவி குணசுந்தரி, மகள் நர்மதா. மூவரும் சம்மதித்தால்தான் ஃபவுண்டரி கைமாறும் என்று பிளாக்செயின் என்ற அழியாத கணினிப் பதிவேட்டில், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற தானியங்கி ஒப்பந்தத்தை எழுதி வைத்ததே நர்மதாதான். வக்கீலும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், போட்ட நிபந்தனையே காவல் நிற்கும் என்று அவள் சொன்னபோது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஃபவுண்டரியை வாங்குகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்கள்.

“இன்னா எழுதியிருக்கு?”

“ஒண்ணுமே இல்ல சார். சம்மதம்னும் இல்ல, மாட்டேன்னும் இல்ல. வெறும் கையெழுத்து. மூணு வருஷமா மாசம் தவறாம பதினாலாம் தேதி விழுது. பாஸ்வேர்டு மாதிரி அவங்ககிட்ட மட்டும் இருக்கற சாவி இல்லாம வேற யாரும் போட முடியாது. எனக்கே பேஜாரா கீது.”

குணசுந்தரி எடுத்த டம்ளரைக் கீழே வைத்தாள். “பதினாலு... நாம எள்ளுத் தண்ணி எறச்ச தேதிங்க.”

“சும்மா இரு.”

எள்ளும் தண்ணீரும் இறைத்து, பதினாறாம் நாள் ஊரைக் கூட்டிச் சோறு போட்டவர் அவர். ஒரு குறையும் வைக்கவில்லை. அதன்பின் அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. ஆனாலும் உலை அடங்கும் மதிய வேளைகளில், பக்கத்து அறையில் அவள் கீபோர்டு தட்டும் ஓசை அவருக்குக் கேட்கத்தான் செய்தது.

“இதுக்கு இன்னா வழி?”

“டெத் சர்ட்டிபிகேட் இருந்தா குடுங்க சார், ஏத்திடலாம்.”

“ஊரே வந்து துன்னுட்டுப் போச்சு. அதுக்கு மேல இன்னாய்யா சர்ட்டிபிகேட்?”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் ‘இறந்துட்டாங்க’ன்னு அவங்கவங்க போன்ல அழுத்தணும். ஒருவாட்டி அழுத்திட்டா, அப்பால நீங்களே வந்து கேட்டாலும் அழிக்க முடியாது. அப்படியே நிக்கும்.”

குணசுந்தரி தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். முப்பது வருடமாக அவர் சொல்லைத் தட்டாதவள்.

“மொதல்ல நீங்க அழுத்துங்க. நீங்க அழுத்தினா நானும் அழுத்தறேன்.”

“நம்ம மானம் இதுல இருக்கு, சுந்தரி.”

“தெரியும். அழுத்துங்க.”

அவருடைய கட்டைவிரல் போன் திரைக்கு மேல் நின்றது. வெளியே உலை இரைந்தது. ஊர் பார்க்க எள் இறைத்தபோது நடுங்காத விரல். அன்று இறைத்த தண்ணீர் வெயிலில் காய்ந்துபோயிற்று. இது காயாது.

விரலை எடுத்துக்கொண்டார். சட்டையை நீவிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

“வாங்கறவங்கள அடுத்த வாரம் வரச் சொல்லு.”

“வந்து? நீங்க அழுத்தலன்னா அவங்க சம்மதம் வேணுமே சார். அவங்களை யாரு போய்க் கேக்கறது?”

“நான் போறேன். பொதட்டூர்பேட்டைல, என் பேச்சை மீறிக் கட்டிக்கிட்ட புருஷனோடதான் இருக்கா.”