சூரனின் மூத்த மகன்

"நிப்பாட்டுங்கோ ரீச்சர். பிழையாச் சொல்லுறியள்."

கோயில் மண்டபத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னவர் தில்லையம்பலம். கந்தபுராணப் படிப்பில் பாட்டை வாசிப்பவர். அவர் வாசித்ததும் அதன் பொருளைச் சபைக்கு விளங்கச் சொல்வது விமலேஸ்வரி ரீச்சர். இதைப் பயன் சொல்லுதல் என்பார்கள். தண்ணீரூற்றுப் பக்கத்தில் இருக்கும் அந்த முருகன் கோயிலில், இடம்பெயர்ந்த காலம் நீங்கலாக, முப்பது வருடமாக ரீச்சர்தான் பயன் சொல்கிறார்.

"என்ன பிழை?" என்றார் ரீச்சர்.

"சூரன்ரை பிள்ளையளிலை தப்பினவன் இளையவன். அவன் மீனா மாறிக் கடலுக்குள்ளை போனதை முந்தாநாள் வாசிச்சம். மூத்தவன் இண்டைக்குச் சண்டையிலை செத்துப்போறான். பாட்டிலை தெளிவாக் கிடக்கு. நீங்கள் அவனும் தம்பிக்குப் பின்னாலை மீனா மாறிப் போயிட்டான் எண்டுறியள்!"

ரீச்சர் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

"போனவன்தான்" என்றார்.

சபையில் எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள். தில்லையம்பலத்துக்கு அதுதான் இன்னும் எரிச்சல். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். போன தை மாதம்தான் மனைவியின் ஊரோடு வந்து இருந்தவர். கல்யாண அழைப்பிதழில் எழுத்துப் பிழை கண்டாலும் சிவப்புப் பேனை எடுக்கிற ஆள்.

"பயனைப் பிழையாச் சொன்னால் அது சாமிக் குற்றம். நாளைக்குப் படிப்புக்கு முதல் நிருவாகம் ஒரு முடிவெடுக்கவேணும். ஒண்டில் நான், இல்லாட்டில் ரீச்சர்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார். திருநீறுகூட வாங்காமல் வீட்டுக்கு நடந்தார். தனியாக இருக்கிற மனுசிக்கு வருடத்தில் மிச்சமிருந்த ஒரே சந்தோசம் பயன் சொல்ல அமரும் அந்தப் பாயில் ஓர் இடம். அதுவும் போகப்போகிறது.

அடுத்த நாள் காலையில் தில்லையம்பலம் சைக்கிளில் சாட்சி தேடிப் புறப்பட்டார். முதலில் போனது கமலேஸ்வரி வீட்டுக்கு. கோயில் வாசலில் கச்சான் கடலை விற்கிறவர். படிப்புத் தொடங்கினால் கடையை மூடிவிட்டு முன்வரிசையில் வந்து குந்திவிடுவார்.

கமலேஸ்வரி முற்றத்தில் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பின்னேரம் நிருவாகத்துக்கு முன்னாலை நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லவேணும். ரீச்சர் சொன்னது பிழை எண்டு."

"ஓம், பிழைதான்."

தில்லையம்பலத்துக்கு உச்சி குளிர்ந்தது.

"அப்ப வந்து சொல்லுவியள்?"

"சொல்ல என்ன இருக்கு ஐயா? ஊருக்கே தெரியும். ஒவ்வொரு வருசமும் அந்த இடத்திலை பிழையாத்தான் சொல்லுறவா."

"தெரிஞ்சுகொண்டும் தலையாட்டிக்கொண்டு இருக்கிறியள்? வெக்கமா இல்லையோ?"

"கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ" என்றார் கமலேஸ்வரி.

இருந்தபோதுதான் வீட்டுக்குள் மாலை போட்ட படம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. மீசை முளைத்தும் முளைக்காத ஒரு முகம்.

"மகனோ?"

"மூத்தவன். கடைசிச் சண்டையிலை செல்குண்டு பட்டது."

தில்லையம்பலம் தலையை ஆட்டினார். எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தார்.

"ரீச்சர் உங்கடை மனம் நோகக்கூடாதெண்டு மாத்திச் சொல்லுறா. நல்ல மனம்தான். எண்டாலும் அக்கா, தாய்மாரைத் தேத்துறதுக்காகப் புராணத்தைத் திருத்தேலாது. உண்மையைத் தாங்கப் பழகவேணும்."

கமலேஸ்வரி சிரித்தார்.

"நான் தாங்கீட்டன் ஐயா. என்ரை பிள்ளையை இந்தக் கையாலைதான் மண்ணுக்குள்ளை தாட்டனான். அந்தியேட்டி செய்தனான். வருசா வருசம் திவசம் செய்யிறன். சூரன்ரை மூத்தவன் செத்தான் எண்டு நீங்கள் பத்துத் தரம் வாசிச்சாலும் எனக்கு ஒண்டும் செய்யாது."

"அப்ப ஆருக்காக மாத்துறா?"

கமலேஸ்வரி அகப்பையைக் கீழே வைத்தார்.

"ரீச்சருக்கு ரெண்டு பொடியள். இளையவன் வள்ளத்திலை கடலாலை தப்பி இப்ப வெளிநாட்டிலை இருக்கிறான். மூத்தவனைச் சண்டை முடியேக்கை தவற விட்டவா. உயிரோடை கண்ட ஆளும் இல்லை, செத்துக் கண்ட ஆளும் இல்லை. மரணச் சான்றிதழ் தாறம் எண்டு அரசாங்க ஆக்கள் கச்சேரிக்குக் கூப்பிட்டும், வேண்டாம் எண்டு வந்திட்டா. இண்டைவரைக்கும் அவனுக்கு எண்டு ஒரு திவசம் இல்லை."

தாச்சியில் கச்சான் கருகும் மணம் வந்தது. கமலேஸ்வரி அவசரமாக இறக்கி வைத்தார்.

"முந்தி அந்த இடத்தைச் சரியாத்தான் சொன்னவா ஐயா. அவா சொல்லித்தான் எங்களுக்கே உந்தப் பாட்டு விளங்கினது. அவனைக் காணாமல் போன பிறகுதான் பிழை வருது."

பின்னேரம் நிருவாகம் மண்டபத்தில் கூடியது. ரீச்சர் வந்திருந்தார். ஆனால் கடைசி வரிசையில், தூணோடு ஒதுங்கி இருந்தார்.

தலைவர் கேட்டார். "ஐயா, உங்கடை முறைப்பாட்டைச் சொல்லுங்கோ."

தில்லையம்பலம் எழும்பினார். வாழ்நாளில் அடுத்தவன் பிழையை மட்டுமே திருத்திப் பழகியவருக்குச் சொல் வரச் சிரமப்பட்டது.

"நேற்று நான்தான் பாட்டைப் பிழையா வாசிச்சுப்போட்டன். ரீச்சர் சொன்னதுதான் சரி. மூத்தவனும் கடலுக்குள்ளைதான் போனவன்."

தலைவர் சபையைப் பார்த்தார். "ஐயா பிழையா வாசிச்சதுக்குச் சாட்சி ஆரும் இருக்கோ?"

"ஓம், நானும் கேட்டனான்" என்று முன்வரிசையிலிருந்து எழும்பினார் கமலேஸ்வரி.