பட்டியலில் விட்டுப்போன பெயர்

மோர்வென் கெர் படியேறி வந்த வேகத்தைப் பார்த்ததும், க்ரெகரின் மேசையிலிருந்த பீங்கான் கோப்பையைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்தினேன். எறிவதற்கு வசதியாக எதுவும் இருக்கக் கூடாது.

டண்டீ நகரில் அன்று அடித்த காற்றில் கடற்காகங்கள் பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. அந்தக் காற்றிலும் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து வந்திருந்தாள்.

"மறுபடியும் 'கருந்துறை'யை விக்கப் போறீங்களாமே?"

'கருந்துறை' இருபது வருஷத்துக்கு முன் நாங்கள் செய்த வீடியோ கேம். ஒரு முழு ஊரும் திறந்து கிடக்கும், ஆடுகிறவன் திருடன். கார் கடத்தலாம், கடையை உடைக்கலாம், போலீஸைத் தெருத் தெருவாக ஓடவிடலாம். இப்போது புதிதாக வந்திருக்கும் கேம் பெட்டிக்காக அதை மெருகேற்றி வெளியிடுகிறோம். அன்று பகல் பன்னிரண்டுக்குள் இறுதிப் பிரதி, கேமை வெளியிடும் லண்டன் கம்பெனிக்கு இணையம் வழியாகப் போக வேண்டும்.

அந்த ஊரின் தெருக்களை எல்லாம் வரைந்தவள் மோர்வென். மூன்று வருஷ உழைப்பு. வெளியாக ஐந்து வாரம் இருக்கும்போது அவள் அம்மா படுத்த படுக்கையாகிவிட, வேலையை விட்டாள். வெளியாகும் நாளில் வேலையில் இல்லாதவர் பெயர், கடைசியில் ஓடும் பட்டியலில் வராது. லண்டன்காரர்களின் சட்டம் அது. அவள் பெயரை அடித்த கை, கலைப் பிரிவுத் தலைவர் க்ரெகரின் கை.

"மூணு இடத்துல வேலை கேட்டேன் க்ரெகர். பட்டியல்ல உங்க பேரே இல்லையேன்னு சிரிக்கறாங்க. போன வாரம் ஒருத்தன், இந்தப் பொய்யை எத்தனை நாளா சொல்றீங்கன்னு கேட்டான். அவன் தவழ்ந்துக்கிட்டிருந்தப்ப நான் இந்த ஊருக்கு விளக்குக் கம்பம் நட்டுக்கிட்டிருந்தேன்."

க்ரெகர் திரும்பவே இல்லை. "ஸ்ட்ருவன், பிரதி எவ்வளவு போயிருக்கு?"

"எழுபது சதவீதம்," என்றான் பக்கத்துத் திரையிலிருந்து மேலாளர் ஸ்ட்ருவன்.

"இப்பவாவது என் பேரைச் சேரு. ஒரே ஒரு வரி," என்றாள் மோர்வென்.

"பழைய பட்டியல்ல ஒரு எழுத்தும் மாறக் கூடாதுன்னு லண்டன்ல சொல்லிட்டாங்க."

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஸ்ட்ருவனும் பொறுக்க முடியாமல், "பெரியவரே, நம்ம பக்கம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாம்," என்றான்.

"இப்ப எவ்வளவு?"

"எண்பத்தெட்டு."

"அதைப் பாரு."

"நான் வரைஞ்ச நடைபாதைக் கல்லுக்குக்கூட உன்னைவிட ஈரம் ஜாஸ்தி," என்றாள் மோர்வென். "ஒரு தடவை திரும்பி என் முகத்தைப் பார்த்து முடியாதுன்னு சொல்லு. போயிடறேன்."

"எவ்வளவு, ஸ்ட்ருவன்?"

"நூறு. வாங்கிக்கிட்டாங்க. வட்டு அச்சுக்குப் போயாச்சு. இனிமே யாரும் கை வைக்க முடியாது."

க்ரெகர் அப்போதுதான் நாற்காலியைத் திருப்பினார். வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டவர் மாதிரி இருந்தார்.

"உட்காரு மோர்வென்."

"உட்கார வரலை."

"அப்ப நின்னுக்கிட்டே பாரு."

திரையை அவள் பக்கம் திருப்பினார். துறைமுகத் தெரு. அவள் கண் பழக்க தோஷத்தில் தரையைத்தான் பார்த்தது.

"ரோட்டை விடு. மேல கடைப் பலகைங்களைப் படி."

பழைய பெட்டிக்கு ஞாபக சக்தி, இன்றைக்கு எனக்கு இருப்பதைவிடக் குறைவு. எந்தப் பலகையும் அதில் அழித்த சாக்பீஸ் எழுத்தாகத்தான் தெரியும். க்ரெகர் ஏதோ கிறுக்கி ஒப்பேற்றிவிட்டார் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். புதிய பெட்டியில் ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்தது போல நின்றது.

"ஈவன் லாமொண்ட் ரொட்டிக் கடை," என்று படித்தாள். "ஷோனா பெட்ரி சலவைக் கடை." குரல் இறங்கியது. "ஷோனா பிரசவத்துக்குப் போனவ. ஈவன் முதுகு வலின்னு நின்னுட்டான். இவங்க பேரையும் அடிச்சியே நீ."

"மொத்தம் பதினேழு பேர். பேரை அடிச்ச அன்னிக்கே பலகையில எழுதிட்டேன். அந்தப் பெட்டியில தெரியாதுன்னு தெரியும். என்னிக்காவது ஒரு நல்ல பெட்டி வரும்னு விட்டுவச்சேன்."

ஸ்ட்ருவனின் முகம் வெளுத்துவிட்டது. "லண்டன் வக்கீலுங்க இதைக் கேக்கலையா?"

"கேட்டாங்க. அத்தனையும் கற்பனைப் பேருன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். பிரதி போறதுக்கு முன்னாடி உங்கள்ல யாராவது வாய் தவறியிருந்தா, பதினேழு பலகையையும் கழட்டியிருப்பாங்க."

மோர்வென் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "என்னுது எந்தக் கடை?"

க்ரெகர் தெருமுனை திரும்பினார். தூண் வைத்த பெரிய கட்டடம். தங்க எழுத்தில், 'மோர்வென் கெர் வங்கி'. அதற்குக் கீழே, 'இந்த ஊரின் தெருக்களை அமைத்தவர் நினைவாக.'

"நினைவாகவா? நான் இன்னும் சாகலை க்ரெகர்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "அழகாத்தான் இருக்கு. ஆனா திருட வந்தவன் எவன் நின்னு பலகையைப் படிக்கப் போறான்?"

"எல்லாரும் படிப்பாங்க," என்றார் க்ரெகர். "இந்த வங்கியைக் கொள்ளையடிக்காம, ஆட்டத்துல ஒருத்தனும் ரெண்டாவது கட்டத்துக்குப் போக முடியாது."