உப்புக் கரிக்கும் பக்கம்

பஞ்சாலைப் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் நூலகப் புத்தகம் ஒன்றில் கிழட்டுப் புத்தகப் பூச்சி குடியிருந்தது. பக்கத்து அலமாரியிலிருந்து பசியோடு வந்த பூச்சிக்கும் அதையே பரிந்துரைத்தது.

"எங்கே வேணா கடி, தம்பி. படம் இருக்கிற பக்கத்தை மட்டும் விட்டுடு."

"ஏன் அண்ணே, அதுல அண்ணி இருக்காங்களா?"

"படத்துல இருக்கிற மில்லு பொம்பளைங்களோட பிள்ளைங்க வந்து அம்மா முகத்தைத் தடவிப் பார்ப்பாங்க. அவங்க விரல் உப்பு அதுல இன்னும் கரிக்கும்."

"இப்ப யாரு வர்றா?"

வருஷக்கணக்காக யாரும் வரவில்லைதான். யாருக்காக இதைக் காத்தோம் என்று கிழட்டுப் பூச்சிக்கே சந்தேகம் வந்தது.

"சரி, தின்னு" என்று ஒதுங்கியது.

வந்த பூச்சி படத்தின் ஓரத்தில் வாய் வைத்தது. "கரிக்கலையே அண்ணே. வெறும் காகிதம்."

கிழட்டுப் பூச்சி தானும் நக்கிப் பார்த்தது. நன்றாகவே கரித்தது.

"வேற பக்கம் போ, தம்பி" என்றது.